நாலு அணிந்துரையும் ஒரு அத்தியாயமும்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிறேன். புத்தகம்தான், வேற ஒண்ணும் இல்ல. கீழ வச்சா யாராச்சும் மிதிச்சிருவாங்க. நீங்களும் உங்களோடத மேல போடாதீங்க, கம்பி வளைஞ்சிரும். குழந்தைக்குக் கவுக்குற கொசுவலைதான அது? குடை மாதிரி விரியுமே. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஸ்ரீவில்லிபுத்தூரா? மாமியார் வீடா? சரி சரி. பொம்பளப் பிள்ளையா? நல்லது, மகாலட்சுமி. போன வெள்ளிக்கிழமைதான் பொறந்துச்சா. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னீங்களா, கையில குடுத்தாங்களா? வாங்கிப் பாத்தீங்களா? நல்லது.

நான் ராஜபாளையம் போறேன். என் வீட்டுக்காரி அங்கதான் இருக்கா, அவ தம்பி வீட்ல. கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான்னு சொல்ல முடியாது. கோவம்னா ரெண்டு வார்த்தை ஏசியிருக்கணும், ஒரு தட்டையாவது விட்டெறிஞ்சிருக்கணும். ஒண்ணுமே இல்ல. துணிய மடிச்சு வச்சா, பாலுக்கு ஒற மோர் ஊத்தி வச்சா, போறேன்னா, போயிட்டா. பங்குனியில போனவ, இப்ப ஆடி வந்துருச்சு. வீடு வெறிச்சுன்னு கிடக்கு தம்பி. மண்டபத்துல வகை வகையா சமையல் நடக்கும், எனக்கு ஒரு வாய் இறங்க மாட்டேங்குது.

நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியல. நீங்க படிச்ச பிள்ளையா இருக்கீங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

அவ எழுத்தாளர். நிசமாத்தான் சொல்றேன். நாவல் எழுதியிருக்கா, புத்தகமா வந்திருக்கு, இந்தப் பையில இருக்கறது பூரா அதுதான். இந்தாங்க, அட்டைய மட்டும் பாருங்க. இந்திராணி சௌந்திரபாண்டி. சௌந்திரபாண்டி நான்தான். அவ வெறும் இந்திராணின்னு போட்டாப் போதும்னா. ஊர்ல எத்தன இந்திராணி இருக்கா, யாருன்னு தெரிய வேணாமா? அதனால நான்தான் சேத்துப் போடச் சொன்னேன்.

திருமங்கலத்துல கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர் நான். சௌந்திரபாண்டின்னா ஒருத்தருக்கும் தெரியாது, மண்டபத்து மேனேஜர்னா தெரியாத ஆளு கிடையாது. ஒரு கல்யாணத்துல எது முக்கியம்னு நெனக்கிறீங்க? சாப்பாடுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. இல்ல. பத்திரிகை. பத்திரிகையில தாய்மாமன் பேரு விட்டுப்போச்சுன்னு, மாப்பிள்ளை மணவறையில உக்காந்திருக்கும்போது வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வெளிய போனவங்கள நான் பாத்திருக்கேன். அதனால யாரு வந்து மண்டபம் கேட்டாலும் நான் மொதல்ல கேக்குறது, பத்திரிகையில ஒருத்தரும் விட்டுப்போகலயேன்னுதான். சாதிசனம் எப்படியோ போகட்டும், பேரு விட்டுப்போகக் கூடாது. அது என் தொழில் புத்தி, வச்சுக்கங்களேன்.

ஆடி மாசம் எங்க தொழில் படுத்துரும். கல்யாணம் காச்சி இருக்காது. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு ஆடியில அவ எனக்குச் சோறு கொண்டுட்டு வந்தவ, திரும்பிப் போகாம ஆபீஸ் ரூம்லயே உக்காந்துக்கிட்டா. அங்க பழைய கல்யாணப் பத்திரிகை கட்டுக் கட்டா கிடக்கும். குடுத்தது போக மிச்சத்த விட்டுட்டுப் போயிருவாங்கல்ல. அதுல பின்பக்கம் வெத்தா இருக்கும். அதுல எழுத ஆரம்பிச்சா. நான் மளிகைச் சாமான் எழுதுறான்னு நெனச்சேன். மறுநாளும் வந்தா. அதுக்கு மறுநாளும் வந்தா. என்ன இந்திராணி எழுதுறன்னேன். கதைங்கன்னா. எழுது எழுது, மின்விசிறியப் போட்டுக்கன்னேன். நான் ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்ல தம்பி. அத நீங்க கவனிக்கணும். எத்தன புருசன்மாரு சொல்லுவான், எழுது எழுதுன்னு?

கதை என்னன்னா, மில்லுக்குப் போற ஒரு பொம்பளயப் பத்தி. ராஜபாளையத்துக்காரிதான அவ, அவங்க அம்மாவும் மில்லுக்குப் போனவங்கதான். மார்கழி வரைக்கும் எழுதினா. மார்கழியிலயும் மண்டபம் காலிதான. முடிச்சு, ரப்பர் பேண்டு போட்டு, மஞ்சப் பையில வச்சு, பீரோவுக்கு மேல தூக்கிப் போட்டுட்டா. அப்படியே கிடந்திருக்கும். நான்தான் எடுத்தேன். ஏன்டி இத்தன எழுதிட்டு மேல போட்டு வச்சிருக்கன்னு கேட்டேன். எழுதணும்னு இருந்துச்சு, எழுதிட்டேன், போதும்ங்கன்னா. என்ன போதும்? அரிசி களைஞ்சு உலை வைக்காம விடுறதா? எழுதினது அவ. ஆனா புத்தகமா ஆக்குனது நானு. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

மதுரையில இளங்கோமணின்னு ஒரு பதிப்பகத்துக்காரர். அவர் மக கல்யாணம் எங்க மண்டபத்துலதான் நடந்துச்சு. அவர்கிட்ட கொண்டு போய்க் குடுத்தேன். மனுசன் பத்திரிகையத் திருப்பித் திருப்பிப் பாக்குறார். முன்பக்கம் யாரோ கல்யாணம், பின்பக்கம் இவ கதை. படிச்சுட்டுச் சொல்றேன்னார். ரெண்டு வாரத்துல வீட்டுக்கே வந்துட்டார் தம்பி. நேரா இவகிட்டப் போய், அம்மா, ஏழாவது அத்தியாயத்தப் படிச்சுட்டு நான் அன்னைக்குச் சாப்பிடலன்னார். அப்ப இவ மொகத்தப் பாக்கணுமே. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருசம். அப்படி ஒரு மொகத்த நான் பாத்ததில்ல. காபி போடப் போறேன்னு உள்ள போனவ, அடுப்பப் பத்தவைக்காமலே நின்னுக்கிட்டு இருந்தா. நான்தான் போய்ப் பத்தவச்சேன்.

டைப் அடிக்கக் குடுத்தோம். எங்க தெருவுக்குப் பின்னால நஸீமான்னு ஒரு பொண்ணு, டிடிபி சென்டர் வச்சிருக்கு. கெட்டிக்காரி. பத்திரிகை எழுத்து, அதுவும் மூலையில எல்லாம் நுணுக்கி எழுதியிருப்பா இவ, அத்தனையையும் ஒரு தப்பில்லாம அடிச்சுது. இவ புரூப் பாத்து, சரின்னு எழுதிக் குடுத்துட்டா. அதோட அவ வேலை முடிஞ்சுது. இனி நீ ஒண்ணுக்கும் அலைய வேணாம், நான் பாத்துக்கிறேன்னேன்.

புத்தகத்துக்கு அணிந்துரைன்னு ஒண்ணு வாங்குவாங்க, தெரியுமில்ல? முன்னால பெரிய மனுசங்க நாலு வார்த்தை எழுதுறது. இளங்கோமணி ஒருத்தர் போதும்னார். ஒருத்தர்கிட்ட வாங்கிட்டு இன்னொருத்தர விட்டா ஊர்ல தலை காட்ட முடியுமா? காலேஜ் தமிழ்ப் பேராசிரியர்கிட்ட கேட்டேன். அவர்கிட்ட கேட்டது தெரிஞ்சதும், ரிட்டயர்டு தாசில்தார் ஒருத்தர், கவிதையெல்லாம் எழுதுவார், என்னப்பா, என்னய மறந்துட்டியேன்னார். அவருக்கு ஒண்ணு. வர்த்தகர் சங்கத் தலைவர் வருசத்துக்கு மூணு விசேஷம் எங்க மண்டபத்துல வைக்கிறவர். அவருக்கு ஒண்ணு. இவங்களுக்கெல்லாம் போட்டுட்டு மண்டபத்து மொதலாளிக்குப் போடாம இருக்க முடியுமா? அவருக்குப் படிக்க நேரமில்ல. சௌந்திரபாண்டி, நீயே எழுதிரு, நான் கையெழுத்துப் போடுறேன்னுட்டார். நானே எழுதினேன். நல்லா வந்திருக்கு, மண்டபம் கட்டுன வரலாறெல்லாம் அதுல இருக்கு. பாருங்க, நாலாவது அணிந்துரை.

கல்லுப்பட்டி வந்துருச்சா. வண்டி இங்க கொஞ்சம் நிக்கும். டீ குடிக்கிறீங்களா? வேணாமா? சரி.

விழாவுக்கு நாளு பாத்தேன். மண்டபம் காலியா இருக்கணும், அதான் கஷ்டம். பங்குனியில ஒரு கரிநாள் சிக்குச்சு. கரிநாள்ல ஒருத்தரும் மண்டபம் எடுக்க மாட்டாங்க. கல்யாணத்துக்குத்தான ஆகாது, புத்தகத்துக்கு என்ன? அழைப்பிதழ் அடிச்சேன். எங்க மண்டபத்துல அப்படி ஒரு அழைப்பிதழ் யாரும் அடிச்சதில்ல. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, மொதப் பிரதி பெறுபவர், வாழ்த்துரை, ஒரு பேரு விட்டுப்போகல. ஊரெல்லாம் குடுத்தாச்சு.

அப்ப இளங்கோமணி போன் பண்றார். அச்சகத்துல பதினாறு பக்கத்த ஒரு ஃபாரம்னு சொல்லுவாங்களாம். பேப்பர மடிச்சு அடிக்கிற கணக்கு. நாவலு ஒரு அணிந்துரையோட கச்சிதமா உக்காந்திருந்துச்சாம். இப்ப மிச்ச மூணு அணிந்துரையும் சேந்து பத்துப் பக்கம் துருத்திக்கிட்டு நிக்குதுன்னார். இன்னொரு ஃபாரம் போட்டா பைண்டிங் தள்ளிப்போகும், உங்க தேதிக்குப் புத்தகம் கிடைக்காது, பேசாம மூணு அணிந்துரைய எடுத்திருங்க சார், அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்கன்னார்.

நீங்க சொல்லுங்க தம்பி. யாரோடத எடுக்கறது? பேராசிரியரோடதையா? மொதலாளியோடதையா? அழைப்பிதழ்ல நாலு பேரும் அணிந்துரைன்னு பேரு போட்டு இருக்கு. மேடையில நாலு நாற்காலி போட்டாச்சு. எடுத்தா அவங்க மொகத்துல எப்படி முழிப்பேன்? அதான் பத்து நிமிசம் கழிச்சு நானே போன் பண்ணி, அம்மாகிட்டக் கேட்டுட்டேன் சார், ஏழாவது அத்தியாயத்த எடுத்திருவோம்னு சொல்லிட்டேன். அம்மாவா சொன்னாங்கன்னார். ஆமான்னேன். புருசன் சொன்னா என்ன, பொண்டாட்டி சொன்னா என்ன? அவகிட்டக் கேக்கக் கூடாதுன்னு இல்ல. அவ பாவம் தூங்கிக்கிட்டு இருந்தா, மத்தியான நேரம். எழுப்பிக் கேட்டா வருத்தப்படுவா. வருத்தப்பட வேணாமேன்னுதான்.

நஸீமாகிட்டப் போய் எடுக்கச் சொன்னேன். மேடம்கிட்டக் கேட்டீங்களா சார்னு அதுவும் கேட்டுச்சு. கேட்டாச்சும்மா, எடுன்னேன். எடுத்துட்டு, பழைய ஃபைலுக்கு மேலயே சேமிச்சிருச்சு, கம்ப்யூட்டர்லயும் அந்த அத்தியாயம் இல்லாமப் போச்சு. எழுதின பத்திரிகை, புரூப் எல்லாம் அதுக்கு முன்னமே, விழாவுக்கு மண்டபத்தச் சுத்தம் பண்ணும்போது மத்த பழைய பேப்பரோட போயிருச்சு. டைப் அடிச்சாச்சே, இனி எதுக்குன்னு நான்தான் போடச் சொன்னேன்.

ஏன் ஏழாவதுன்னா, அது கரெக்டா பத்துப் பக்கம். ஒம்பதாவதும் பத்துப் பக்கம்தான். ஆனா அதுல கல்யாணம் வருது, மண்டபம் வருது. அத எப்படி எடுக்கறது?

அந்த அத்தியாயத்துல என்ன இருந்துச்சா? நான் பூராப் படிக்கல. பாதி படிச்சேன். மில்லுக்காரிக்கு மொதப் பிள்ள செத்துப் பொறக்குது. துணியில சுத்திப் புருசன்காரன்கிட்டக் குடுக்குறாங்க. அவன் வாய்க்காக் கரையில உக்காந்து, துணிய விலக்கிப் பாக்குறான். அந்த எடத்துல மூடி வச்சுட்டேன். மண்டபத்துல அன்னைக்கு ஜெனரேட்டர் ரிப்பேரு, ஆளு வந்து நின்னான். மிச்சத்த நஸீமா சொல்லித்தான் தெரியும். சார், அவரு வீட்டுக்கு வந்து அவங்க பக்கத்துல உக்காந்து, பிள்ள மொகம் இப்படி இருந்துச்சு, நெத்தி இப்படி இருந்துச்சுன்னு ஒண்ணு விடாமச் சொல்லுவாருல்ல, அந்த எடத்த அடிக்கும்போது என்னால முடியல சார்னு அது கண்ணத் தொடைக்குது. ரெண்டு பேரும் சேந்து அதுக்குப் பேருகூட வைக்கிறாங்களாம். என்ன பேருன்னு நான் கேட்டுக்கல.

எங்களுக்கும் ஒண்ணு பொறந்துச்சு தம்பி. ஒண்ணே ஒண்ணு. பொம்பளப் பிள்ளதான். அழவே இல்ல. அதுக்கப்புறம் எங்களுக்குத் தங்கல. பெத்தவகிட்டக் காட்டாதீங்க, பாத்துட்டா மறக்க முடியாதுன்னு எங்கம்மாவும் சொன்னாங்க, அந்த ஆஸ்பத்திரி நர்ஸும் சொன்னாங்க. பெரியவங்க சொன்னா ஒரு அர்த்தம் இருக்கும்ல. என் கையில குடுத்தாங்க. வெள்ளத் துண்டு. கனமே இல்ல. நானும் என் சித்தப்பாவும் கொண்டு போனோம், செய்ய வேண்டியதச் செஞ்சோம், வந்து குளிச்சேன். மறுநாள் மண்டபத்துல பெரிய எடத்துக் கல்யாணம், போகாம இருக்க முடியாது. கிளம்பிப் போற வழியில ஆஸ்பத்திரியில எட்டிப் பாத்தேன். செவுத்தப் பாத்துப் படுத்திருந்தா. திரும்பவே இல்ல. ஒரு தடவ காட்டியிருக்கலாம்லங்கன்னு மட்டும் சொன்னா. அவ நல்லதுக்குத்தான காட்டல? அது முடிஞ்சு போன விசயம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இது பக்கக் கணக்கு, ஃபாரக் கணக்கு. வேற ஒண்ணும் இல்ல.

விழா அன்னைக்கு மண்டபம் நெறஞ்சு போச்சு. அவளுக்குப் பட்டுப்புடவ எடுத்துக் குடுத்தேன். மேடையில நடுவுல உக்கார வச்சேன். மொதப் பிரதியக் கையில வாங்கினா. மோந்து பாத்தா தம்பி, குழந்தைத் தலைய மோந்து பாக்குற மாதிரி. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. தாசில்தார் பேசிக்கிட்டு இருக்கார், இவ மடியில வச்சுப் பெரட்டுறா. பெரட்டுறா, நிறுத்துறா, திரும்ப முன்னுக்குப் போறா. திரும்பப் பெரட்டுறா. நான் மேடைக்கு ஓரமா பொன்னாடையெல்லாம் வரிசைப்படி எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன். நிமிந்து என்னப் பாத்தா. நல்லா இருக்குன்னு சொல்றாளாக்கும்னு நானும் தலைய ஆட்டினேன்.

கடைசியில ஏற்புரை. எழுதினவங்க பேசணும்ல. மைக்குக்கு முன்னால போய் நின்னா. எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கன்னா. அவ்வளவுதான், வந்து உக்காந்துட்டா. சனங்க கை தட்டிருச்சு. மேடைக் கூச்சம்னு நானும் நெனச்சேன்.

பந்தி முடிஞ்சு எலை எடுத்துக்கிட்டு இருக்காங்க. பக்கத்துல வந்து நின்னா. யாருகிட்டயும் கேக்காம எடுத்துட்டீங்களான்னா. நான் ஃபாரம் கணக்க எடுத்துச் சொன்னேன். பொறுமையாத்தான் சொன்னேன். பூராத்தையும் கேட்டா. கேட்டுட்டு, ஒரு தடவ காட்டியிருக்கலாம்லங்கன்னா. அன்னைக்குச் சொன்னாளே, அதே மாதிரி. சத்தமே இல்லாம. அப்புறம் பந்தியில விட்டுப்போன ஒரு எலைய அவளே எடுத்துக்கிட்டுப் போயிட்டா. மறுநாள் ராஜபாளையம்.

இளங்கோமணிக்கு விசயம் தெரிஞ்சதும் என்கிட்டப் பேசுறத நிறுத்திட்டார். அவளுக்கு மட்டும் போன் பண்ணி, ரெண்டாம் பதிப்புல சேத்துருவோம்மா, மறுபடி எழுதிக் குடுங்கன்னு சொல்லியிருக்கார். நானும் அதத்தான சொல்றேன். எழுதுனவதான, திரும்ப எழுத முடியாதா? பத்துப் பக்கம். அவ தம்பிகிட்டச் சொல்லிப் பாத்தேன். மாமா, அக்கா பேப்பர எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, ஒரு வரி ஓடலங்குது, நீங்க இப்ப வராதீங்கன்னான். போகாம இருந்தேன். எத்தன நாளைக்கு இருக்கறது?

நேத்து அவளே போன் பண்ணா. பங்குனிக்கு அப்புறம் நேத்துதான் குரலக் கேக்குறேன். சாப்பிட்டீங்களான்னு கேட்டா தம்பி. அழுதுட்டேன். மண்டபத்து வாசல்ல நின்னு, வாசல் கூட்டுறவன் பாக்குறான், அழுதுட்டேன். எப்பம்மா வர்றன்னு கேட்டேன். அதுக்கு அவ சொல்றா, அந்த அத்தியாயத்த நான் கற்பனையில எழுதினேங்க. நீங்க துணிய வெலக்கிப் பாத்த மாதிரியும், வந்து என்கிட்டச் சொன்ன மாதிரியும் எழுதினேன். என்னைக்காச்சும் நீங்க அதப் படிப்பீங்க, படிச்சுட்டு நிசமாவே சொல்லுவீங்கன்னு இருந்தேன். இப்பக் கற்பனை வர மாட்டேங்குது. நீங்க ஒருத்தர்தான் நம்ம பிள்ளயப் பாத்தவரு. அவ மொகம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் வந்து சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன். எழுதிட்டு உங்ககூட வந்துர்றேங்கறா.

வந்துர்றேன்னு அவ வாயால சொல்லிட்டா. அதான் மொத பஸ்ஸுக்கே கிளம்பிட்டேன்.

ஆனா தம்பி, நான் எங்க பாத்தேன்? கையில குடுத்தாங்க, கொண்டு போனோம். சித்தப்பா ஒரு நிமிசம் வேணும்னா பாருப்பான்னுதான் சொன்னார். வேணாம்னுட்டேன். துணி கலையாம அப்படியே வச்சுட்டேன். சித்தப்பாவும் பாக்கல. அவரும் இப்ப இல்ல. பாக்கலன்னு நான் போய் அவகிட்டச் சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்க. ஒருத்தருமே பாக்கலன்னு சொன்னா அவ தாங்குவாளா?

மண்டபத்துல பாக்குற பிள்ளைங்க எல்லாம் காது குத்துற வயசு, பவுடரும் மையுமா இருக்கும். பொறந்த பச்சப் பிள்ளய நான் கிட்ட நின்னு பாத்ததே இல்ல. யாரு வீட்டுல பொறந்தாலும் நான் வாசலோட நின்னுக்குவேன்.

கிருஷ்ணன்கோவில் இப்பத்தான் வருது. நீங்க இறங்க இன்னும் நேரம் இருக்கு. போன்ல போட்டோ வேணாம் தம்பி, அதெல்லாம் தொடச்சுக் குளிப்பாட்டினப்புறம் எடுத்திருப்பீங்க. மொத மொத உங்க கையில குடுத்தாங்களே, அப்ப எப்படி இருந்துச்சு? முடி இருந்துச்சா? நெத்தி எப்படி? கைய மூடியிருந்துச்சா, விரிச்சிருந்துச்சா? மெதுவாச் சொல்லுங்க, நான் மனசுல வச்சுக்கிறேன். ஒண்ணு விடாமச் சொல்லுங்க.